பங்குப் பேரவையும் அதன் ஆண்டுக் கணக்கும்



இந்த யூபிலி மலருக்குப் பங்கின் வரலாறு எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். ஆலயம் எழும்பிய கதையையும், இங்குப் பணியாற்றிச் சென்ற குருக்களின் வரிசையையும் மலரின் பிற பக்கங்களில் காண்பீர்கள். நாம் எடுத்துக்கொண்டது வேறொன்று. கோபுரத்தைப் போல் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, நிழற்படத்திலும் விழுவதில்லை. மாதந்தோறும் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின் மறைக்கல்வி அறையில் கூடி, தேநீர் ஆறும் வரை பேசிக் கலைகிறதே, அந்தப் பங்குப் பேரவையின் வேலையைக் குறித்தே எழுதத் துணிந்தோம். "அதில் எழுத என்ன இருக்கிறது, சாமி?" என்று பேரவை உறுப்பினர் ஒருவரே கேட்டார். இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட முன்கதையே இருக்கிறது. அதுவும் நம் வாசலுக்கு அருகிலேயே இருக்கிறது.

வேடந்தாங்கலுக்கு வடமேற்கே சிறிது தூரத்தில் உத்திரமேரூர். நம்மில் பலர் சந்தைக்கும் பத்திரப் பதிவுக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் அங்குப் போய் வருகிறோம். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. ஊர்ச் சபைக்கு ஆள் தெரிந்தெடுக்கும் விதி அவற்றில் எழுதப்பட்டுள்ளது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராக ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தார்கள். அவ்வாறு வந்த முப்பதின்மரில் சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக் காலம் ஓராண்டு. நாள் கணக்கில் 360. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கு இடமில்லை. இவற்றைவிட நம் மனத்தைத் தொட்டது இன்னொரு விதி: வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் இடக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக் கூடாது. எந்தெந்த உறவு என்று சிற்றன்னை மகன், அத்தை மகன், மைத்துனன் வரை பட்டியலிட்டிருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவன் ஒருவனால் ஒரு குடும்பமே வெளியில் நிற்க வேண்டியதாயிற்று.

குடத்திலிருந்து ஓலை எடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. சபையார் சிறியோர் பெரியோர் எல்லாரும் கூடியிருக்க, கோவிலில் பூசை செய்யும் நம்பிமாரும் வந்திருக்க, அவர்களுள் வயதில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி, உரக்க வாசிக்க வேண்டும். விரலை மடக்கினால் வேறு ஓலை உள்ளே ஒளிந்திருக்கலாம் அல்லவா? மனிதன் எத்தகையவன் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி இது. பூசாரியின் வேலை குடத்தைத் தூக்கிக் காட்டுவது மட்டுமே என்பதையும் குருவாகிய நாம் குறித்துக்கொண்டோம்.

ஆனால் உண்மையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அது பிராமணர்க்கு வழங்கப்பட்ட ஊரின் சபை. குடவோலையில் பெயர் எழுதப்பட, வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நம் பங்கில் உள்ளவர்களின் முன்னோருக்கு அந்தக் குடம் எந்த மூலையில் இருந்தது என்றுகூடத் தெரிந்திராது. அவர்கள் அந்நிலத்தில் உழுதவர்கள், அந்த ஏரியில் மண் சுமந்தவர்கள். ஆயிரம் ஆண்டு கழித்தும் நிலை பெரிதாக மாறவில்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் துரை, இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். குடியிருக்கும் மனையும் சொந்தமில்லாமல், வாங்கிய கடனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்களின் கதை அது. செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆதாம் ஆண்ட்ரூவும் இம்மக்களுக்கு நிலம் வேண்டும் என்று விடாமல் எழுதினார். அவர் பிரிந்த சபையைச் சேர்ந்தவராயினும் நன்றியோடு நினைக்கத்தக்கவர். 1892இல் தரிசு நிலங்களை இவர்களுக்கு ஒதுக்க அரசு ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்நிலம் பின்னர் யார் யார் கைக்குப் போயிற்று என்பது தனிக் கதை. 1994இல் கரணையில் அதை மீட்கப் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர் என்பதை மட்டும் இங்கே நினைவுகூர்வோம்.

இனி நம் திருச்சபையின் பக்கம் வருவோம். முதல் பேரவை எங்குப் பிறந்தது என்று கேட்டால் குருமடத்தில் பயின்றவர்கள் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைச் சொல்வார்கள். அது பிறந்தது ஒரு முறையீட்டிலிருந்து. அன்றாடப் பந்தியில் எங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசினோர் முணுமுணுத்தார்கள். திருத்தூதர்கள் அந்த முணுமுணுப்பை அடக்கவில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்கும்படி மக்களிடமே சொன்னார்கள். அதற்கு முன்னர், யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தார்கள் என்பதையும் உத்திரமேரூர்க் குடத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

நம் தமிழகப் பங்குகளில் நெடுங்காலம் இருந்த முறை வேறு. குருவானவர் பல கிராமங்களுக்கு ஒருவர். குதிரையிலோ மாட்டு வண்டியிலோ ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து போவார். இடைப்பட்ட காலத்தில் ஊரைக் காத்தவர் உபதேசியார். செபம் சொல்லிக் கொடுப்பதும், சாகும் தறுவாயில் இருப்பவருக்கு அருகிருப்பதும், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பதும் அவரே. கோவில்பிள்ளை மணியடிப்பார். வரி தண்டுவதும் திருவிழா நடத்துவதும் நாட்டாண்மையும் கணக்கப்பிள்ளையும். அந்தக் கணக்கு, குருவானவர் வரும்போது அவருக்கு மட்டும் காட்டப்படும். சில இடங்களில் அவருக்கும் காட்டப்படவில்லை என்பது வேறு விஷயம். பக்கத்துக் கேரளத்தில் தோமையார் கிறிஸ்தவர்கள் இதற்கு மாறாக, குடும்பத் தலைவர்கள் கூடும் பள்ளியோகம் என்ற சபையின் கையில் கோவில் காரியங்களை வைத்திருந்தார்கள். அதன் சார்பில் கைக்காரர்கள் பொறுப்பேற்றார்கள்.

நாட்டாண்மைக் காலத்தைப் பொற்காலமாகப் பேசுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக ஒரு நினைவூட்டல். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கம் என்று பிரித்துக் கட்டிய ஆலயத்தின் தடுப்புச் சுவரை 1910இல் சேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் இடித்தபோது, கோவிலில் எங்களுக்குத் தனி உரிமை உண்டு என்று ஒரு சாரார் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. பொதுநிலையினர் கையில் அதிகாரம் இருந்தால் மட்டும் நீதி வந்துவிடாது. எந்தப் பொதுநிலையினர் கையில் என்று பார்க்க வேண்டும். நம் பேரவையில் அன்பியத்துக்கு ஒருவர் என்று இடம் வகுத்ததும், ஊரானாலும் காலனியானாலும் கிளைக்கிராமமானாலும் ஒரே கணக்கு என்று வைத்ததும், ஆணும் பெண்ணும் மாறி மாறி வர வேண்டும் என்றதும் இதனால்தான். முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. இப்போது அவர்கள் வீட்டுப் பெண்களே செயலர்களாக இருக்கிறார்கள்.

பேரவை என்ற சொல் நம் காதில் விழுந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு. பொதுநிலையினர் திருத்தூதுப் பணி பற்றி 1965 நவம்பரில் வெளியான சங்க ஏடு, பங்கு அளவிலும் இத்தகைய அவைகள் அமையலாம் என்றது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதற்கு உருக்கொடுத்தது. நாம் பூவிருந்தவல்லிக் குருமடத்தில் பயின்ற நாளில் அச்சட்டத்தின் 536, 537ஆம் எண்களை மனப்பாடம் செய்தோம். மேய்ப்புப்பணிப் பேரவையை ஆயர் விரும்பினால் ஏற்படுத்தலாம், அதற்கு ஆலோசனைக் குரல் மட்டுமே உண்டு, தலைமை பங்குக்குருவுக்கு. ஆனால் நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும். வேடிக்கை பாருங்கள்: ஆலோசனை சொல்வோர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணத்தைப் பார்ப்போர் இருக்க வேண்டும்! திருச்சபைக்கும் மனிதரைப் பற்றிச் சற்றுத் தெரியும். 2024 அக்டோபரில் உரோமையில் நிறைவடைந்த ஆயர் மாமன்றம், இந்த அவைகள் யாவும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று தன் இறுதி ஏட்டில் வலியுறுத்தியது.

நாம் தேர்வுக்காகப் படித்து, பின் பல ஆண்டுகள் மறந்துபோன சட்டம் ஒன்றும் உண்டு. 1287ஆம் எண்ணின் இரண்டாம் பத்தி அது. மக்கள் திருச்சபைக்குக் கொடுத்த காணிக்கைகளுக்கு அந்த மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. ஆயரிடம் காட்டுவது தனி, அது முதற்பத்தி. மறந்ததன் விளைவைப் பின்னால் சொல்கிறோம்.

பேரவையின் ஆண்டு நம்மிடையே எப்படி ஓடுகிறது? மார்ச்சு 31இல் கணக்கு முடியும். மே மாதத்தில் மாதா வணக்கமும் புதுநன்மை வகுப்பும். அதோடு பள்ளிச் சேர்க்கைக்கான சான்றிதழ் அலைச்சல் தொடங்கிவிடும். இதில்தான் பேரவையினர் மனம் நொந்து வருவதை ஆண்டுதோறும் காண்கிறோம். ஒரே தெருவில், ஒரே பாட்டனுக்குப் பிறந்த இரு குடும்பங்கள். ஒன்று பட்டியல் சாதியினர். மற்றது திருமுழுக்குப் பெற்றதால் பிற்படுத்தப்பட்டோர். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திருத்தினார்கள்; நமக்கு இல்லை. சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளி சூசை என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் அவர் மனு தள்ளுபடியாயிற்று. பையனைச் சேர்க்கப் படிவத்தில் எதை எழுதுவது என்று ஒரு தாய் பேரவைச் செயலரிடம் கேட்கும்போது, ஆலோசனைக் குரல் உடைய அவரிடம் ஆலோசனை ஒன்றும் இருப்பதில்லை. கூடவே தாலுகா அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறார்.

ஆகஸ்டு கடைசியில், சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் திருப்பயணிகளுக்கு நீர்மோரும் படுக்கப் பாயும் ஏற்பாடு செய்வது இளைஞர் குழுவின் பொறுப்பு. அக்டோபரில் செபமாலை, அப்படியே மழையும் வந்துவிடும். ஆலயக் கூரை எங்கே ஒழுகுகிறது என்பதை நம்மைவிட நன்கறிந்தவர்கள் பாடகர் குழுவினர். கல்லறைத் திருநாளுக்கு முன் புல் செதுக்கும் வேலைக்கு வருவோர் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைகிறது. பாம்புக்குப் பயம் என்கிறார்கள். இம்மலரை வாசிக்கும் இளைஞர்கள் இதைக் கவனத்தில் கொள்வார்களாக.

நவம்பரில் பறவைகள் வந்துவிடுகின்றன. வேடந்தாங்கல் ஏரிக்குப் பறவை வருவது அரசு அறிவிப்புப் பலகை பார்த்து அன்று. 1790களில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடம் ஊர்மக்கள் போய், வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, 1798இல் பாதுகாப்புக் கவுல் பெற்றார்கள். மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் கோவில் கதையில் வருகிறாரே, அதே பிளேஸ் துரைதான். 1858இல் அந்தக் கவுல் மறுபடி உறுதி செய்யப்பட்டது. சட்டப்படி சரணாலயம், 2022இல் ராம்சார் ஈரநிலம் என்ற பெருமை எல்லாம் பின்னால் வந்தவை. பறவையின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று கண்ட விவசாயிகள், பிறருக்காகக் காத்திராமல் தாங்களே காத்தார்கள். இதுவும் ஒரு முறையீட்டில் தொடங்கியதே என்பது நம் கருத்து.

எனவேதான் கிறிஸ்மஸ் வாணவேடிக்கைப் பிரச்சினை பேரவையில் இரண்டு கூட்டம் ஓடியது. நள்ளிரவுத் திருப்பலிக்கு வெடி இல்லாமல் என்ன திருவிழா என்றது இளைஞர் குழு. மரத்தில் முட்டையிட்டுக் கூட்டில் அமர்ந்திருக்கும் கூழைக்கடாவுக்கும் நத்தைக்குத்தி நாரைக்கும் அது தெரியுமா என்று கேட்டார் ஒரு பெரியவர். அவர் வாழ்நாள் முழுதும் ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர். சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கே வெடி வைப்பதில்லை என்பதையும் ஒருவர் எடுத்துச் சொன்னார். நாம் தலைமை வகித்தோமே தவிர, தீர்ப்புச் சொல்லவில்லை. இறுதியில் வெடியை விட்டு, மணியை வழக்கத்தைவிட நீளமாக அடிப்பது என்று முடிவாயிற்று. கோவில்பிள்ளைக்குத் தோள் வலி வந்தது; அடுத்த ஆண்டு முதல் இருவர் முறை வைத்து அடிக்கிறார்கள்.

தைப் பொங்கலுக்கு ஆலய முற்றத்தில் பானை. அறுவடையானதும் புது நெல் காணிக்கை. தவக்காலத்தில் சிலுவைப் பாதை, அச்சிறுபாக்கம் மழை மலை மாதாவிடம் ஒரு நாள் பயணம், வீட்டுக்கொரு தவக்கால உண்டியல். மறுபடி மார்ச்சு 31.

இந்த வரவெல்லாம் எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும், கொடுப்பவர்கள் நீங்களே. ஞாயிறு காணிக்கை, குடும்பச் சந்தா, நேர்ச்சை, நெல். திருவிழா முடிந்தபின் காணிக்கைப் பொருட்கள் ஏலம் விடப்படும்போது ஒரு தேங்காய் 500 ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் மறுநாள் நூறு நாள் வேலைக்குப் போகிறவராக இருப்பார். சந்தா எழுதும் நோட்டில் சில பெயர்களுக்கு நேரே மூன்று மாதம் வெறுமையாக இருந்து, நான்காம் மாதம் நான்கு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அந்த வெற்றிடத்தில் ஒரு வீட்டின் வரலாறு இருக்கிறது.

இப்போது நாம் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறோம். இப்பங்குக்கு வந்த முதலாண்டில், வழக்கம்போல் கணக்கை நாமே வாசித்தோம். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு. செலவில் நான்கு தலைப்புகள்; கடைசித் தலைப்பு 'இதர செலவு'. நிதிக்குழு பார்த்தாயிற்று, மறைமாவட்டத்துக்கு நகல் போயாயிற்று என்ற நிம்மதியில் நோட்டை மூடும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி எழுந்தார்.

"சாமி, இதர செலவுன்னு படிச்சீங்களே, அது என்னா?"

சிலர் சிரித்தார்கள். "சில்லறைச் செலவுதான் அம்மா. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்" என்றோம்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சாமி. அதனாலதான் காதால கேக்குறேன்."

நமக்குக் கோபம் வந்தது. உண்மையை எழுதுவதென்று உட்கார்ந்தபின் மறைப்பானேன்? இறுதி ஆசீரை அவசரமாகக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். ஒரு குருவைப் பார்த்துக் கோவிலுக்குள் கேட்கும் கேள்வியா இது என்று மதியச் சாப்பாட்டின்போதும் மனம் ஆறவில்லை. இரவில் நோட்டைத் திறந்து இதர செலவைக் கூட்டிப் பார்த்தோம். மெழுகுவர்த்தி, விளக்குமாறு, தச்சர் கூலி என்று வந்த சிறு தொகைகளுக்கு நடுவே எல்லாவற்றிலும் பெரியதாக நின்றது, நம் இல்லத்து இன்வெர்ட்டருக்கு வாங்கிய பேட்டரி. பில் இருந்தது, நிதிக்குழுவின் கையொப்பம் இருந்தது, தவறு ஏதும் இல்லை. ஆனால் அது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. விரலை மடக்கி வாங்கிய ஓலை போல இருந்தது. 1287 அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு வரி வரியாக வாசித்தோம். இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. சிறுவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். பெரியவர்களில் யாரும் போகவில்லை. பேட்டரி என்ற இடம் வந்தபோது நம் குரல் சற்று இறங்கியதை எல்லாரும் கவனித்திருப்பார்கள். வாசலில் அந்தப் பாட்டியம்மா நம் கையைப் பிடித்து முத்தி செய்தார். "பேட்டரி நல்லா ஓடுதா சாமி?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேலியா கரிசனமா என்று இன்றுவரை நமக்கு விளங்கவில்லை. அவர் இப்போது நம் கல்லறைத் தோட்டத்தில், வேப்ப மரத்தின் கீழ்ப் பக்கம் இளைப்பாறுகிறார்.

அதற்குப் பிறகு இதர செலவு என்ற தலைப்பை நிதிக்குழு நீக்கிவிட்டது. கணக்கை நாம் வாசிப்பதில்லை. மறைக்கல்வி மாணவர் ஒருவர் வாசிக்கிறார். ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும் நிறுத்துகிறார். கேள்வி இருந்தால் உட்கார்ந்தபடியே கேட்கலாம், எழுந்து நிற்க வேண்டியதில்லை என்று பேரவை முடிவு செய்துள்ளது. எழுந்து நிற்கக் கூச்சப்பட்டே பலர் கேளாதிருந்தார்கள் என்று மாதர் சங்கத்தார் எடுத்துரைத்ததன் பலன் இது. கேள்விகள் எல்லாம் இனிமையாக இருப்பதில்லை. சென்ற முறை தேர் அலங்காரச் செலவின்மேல் எழுந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வீட்டார் அதன்பின் சில மாதம் பேசிக்கொள்ளவில்லை.

இந்த யூபிலி விழாவின் கணக்கும் தயாராகிவருகிறது. பந்தல், ஒலிபெருக்கி, அசனத்துக்கு அரிசி, இம்மலரின் அச்சுக் கூலி எல்லாம் தனித்தனி வரியில் இருக்கும். விழா முடிந்து மூன்றாம் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின் வாசிக்கப்படும். கிளைக்கிராமத்தார் வந்து திரும்ப வேன் ஏற்பாடு உண்டு. அந்த வேன் வாடகையும் கணக்கில் வரும்.